அலைடு கணக்கு

ஜூன் மாதம், ராத்திரி ஒன்பதரை மணி. அக்கா மகள் போன் செய்தாள். பி.எஸ்சி. வேதியியல் சேர்ந்து நான்கு நாள்தான் ஆகியிருந்தது.

“சித்தி, நாளைக்குக் காலையில அலைடு பாரம் குடுக்கணுமாம். கணக்கா, விலங்கியலா? சட்டுனு சொல்லுங்க.”

அலைடு என்றால் மேஜர் எனப்படும் முக்கியப் பாடத்தோடு துணையாகப் படிக்கிற பாடம். சட்டென்று சொல்ல வாய் வரவில்லை. 2013-ல் இதே பாடத்தில் சேர்ந்து இதே பாரத்தை நிரப்பியவள் நான். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் எதில் டிக் அடிக்கிறாள் என்று பார்த்து, நானும் அதிலேயே அடித்தேன். அந்த டிக்கை மாற்ற அப்புறம் நான் அலைந்த அலைச்சலைத்தான் அவளிடம் சொல்ல ஆரம்பித்தேன். போன் சூடாகிவிட்டது. முழுதாகச் சொல்லி முடிக்கவும் இல்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

பிளஸ் ஒன்னில் நான் எடுத்தது பியூர் சயின்ஸ். இயற்பியல், வேதியியல், தாவரவியல், விலங்கியல். கணக்கு கிடையாது. வீட்டில் டாக்டர் கனவு. நீட் வராத காலம். பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்து இருநூறுக்குக் கட்ஆஃப் போடுவார்கள். உயிரியலுக்கு நூறு, இயற்பியலுக்கு ஐம்பது, வேதியியலுக்கு ஐம்பது. என் கட்ஆஃப் 186.5-இல் நின்றது. மார்க் வந்த அன்றே அந்தக் கனவு முடிந்தது என்று வீட்டில் எல்லாருக்கும் தெரியும், யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. அப்பாவுக்கு ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலையில் வேலை. பணம் கட்டித் தனியார் மருத்துவக் கல்லூரி என்ற பேச்சுக்கே இடமில்லை. பெரம்பூரிலிருந்து 29சி பேருந்து பிடித்தால் போய்விடலாம் என்கிற தூரத்தில் ஒரு கல்லூரியில், அரசு உதவி பெறும் எய்டட் பிரிவில், வேதியியல் கிடைத்தது. “சரி, சேரு. பிடிக்கலன்னா மாத்திக்கலாம்” என்றார் அப்பா.

இந்த ‘மாத்திக்கலாம்’ என்ற சொல்லை நம்பித்தான் சென்னையில் பாதிப் பிள்ளைகள் கிடைத்த பாடத்தில் சேர்கிறார்கள். எப்போது மாற்றலாம், எதிலிருந்து எதற்கு மாற்றலாம், மாற்றினால் படித்ததில் எது கூட வரும் என்று சேரும்போது கேட்பவர்கள் குறைவு. நாங்களும் கேட்கவில்லை.

எனக்கு எங்கே மாற வேண்டும் என்பது மட்டும் சேர்ந்த முதல் வாரத்திலிருந்தே தெரியும். அயனாவரத்தில் மாமா மருந்துக்கடை வைத்திருந்தார். பிளஸ் டூ லீவில் அங்கே உட்கார்ந்து பில் போடுவேன். அடுத்த மாதம் காலாவதி ஆகிற மருந்துகளை ஒரு பொத்தானைத் தட்டினால் பட்டியலாக எடுத்துக் கொடுக்கும் ஒரு மென்பொருள் அந்த வருடம்தான் கடைக்கு வந்திருந்தது. அதற்கு முன்னால் அதே வேலையை மாமா ஞாயிற்றுக்கிழமை முழுக்க, ஸ்டூல் போட்டு ஏறி, அலமாரி அலமாரியாகச் செய்வார். அந்தப் பட்டியல் எப்படி வருகிறது என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும் போல இருந்தது. கெமிஸ்ட்ரி வகுப்பில் உட்கார்ந்தும் அதே நினைப்பு.

அப்போது சென்னைப் பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரிகளில் இளநிலைப் பட்டத்துக்குக் குறைந்தது 140 கிரெடிட், அதாவது பாடம் தேறினால் சேருகிற புள்ளி. முதல் பகுதி தமிழ், இரண்டாவது ஆங்கிலம், மூன்றாவதில் மேஜரும் அலைடும், நான்காவதில் என்.எம்.இ. எனப்படும் வேறு துறைப் பாடம், சுற்றுச்சூழல் கல்வி போன்ற சில்லறைகள், ஐந்தாவது என்.எஸ்.எஸ்., என்.சி.சி. வகையறா. இதில் மாணவி கையில் விடப்படுவது இரண்டே இரண்டு: அலைடும் என்.எம்.இ.-யும். மற்றதெல்லாம் அவர்களே போட்டுக் கொடுத்துவிடுவார்கள். அந்த இரண்டையும் நான் எப்படித் தேர்ந்தெடுத்தேன் என்றால், அலைடில் விலங்கியல், பக்கத்தில் இருந்தவள் அடித்தாள் என்பதோடு, பிளஸ் டூவில் படித்தது, பிராக்டிகல் உண்டு, மார்க் ஏறும். என்.எம்.இ.-யில் ‘கணினி அறிமுகம்’, ஏனென்றால் ஆசை. ஒன்றில் பயம் முடிவெடுத்தது, இன்னொன்றில் ஆசை. வாரத்துக்கு இரண்டு மணி நேரம் வந்துபோகிற பாடத்தில் ஆசையையும், வருடம் முழுக்க வருகிற பாடத்தில் பயத்தையும் வைத்தது இப்போது யோசித்தால் வேடிக்கையாக இருக்கிறது.

ஜூலையில் ஒரு வாய்ப்பு வந்தது. கலைக் கல்லூரிகளில் இது ஆண்டுதோறும் நடக்கும். ஜூனில் வகுப்பு தொடங்கிவிடும், பொறியியல் கலந்தாய்வு அதற்கு அப்புறம்தான் நடக்கும். அங்கே இடம் கிடைத்தவர்கள் டி.சி. வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். கணினி அறிவியல், இயற்பியல், கணிதம் இங்கெல்லாம் பெஞ்சுகள் காலியாகும். எங்கள் கல்லூரியில் இந்தக் காலி இடத்துக்கு உள்ளேயே இருக்கிற பிள்ளைகளை மாற்றிக்கொள்வார்கள். பதிவெண்ணுக்காகப் பெயர்ப் பட்டியல் பல்கலைக்கழகத்துக்குப் போகும்வரைதான் அது. பட்டியல் போன பிறகு கேட்டால், “அடுத்த வருஷம் ஃபர்ஸ்ட் இயர்ல திரும்பச் சேரும்மா” என்பார்கள்.

நானும் எழுதி எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்குப் போனேன். அங்கே இருந்தவர் கடிதத்தைப் பிரிக்கக்கூட இல்லை.

“பிளஸ் டூல கணக்கு இருக்கா? கம்ப்யூட்டர் சயின்ஸ்?”

“இல்ல சார்.”

“அப்ப எப்படிம்மா?”

அவ்வளவுதான். இடம் இருக்கிறதா, மார்க் எவ்வளவு என்ற கேள்விக்கே போகவில்லை. அவர் மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை, தகுதி விதியே அப்படி. பதினைந்து வயதில் பிளஸ் ஒன் பாரத்தில் போட்ட ஒரு டிக் அங்கே வந்து நின்றது.

என் வகுப்பிலேயே இன்னொருத்தி மாறினாள். அவள் கணக்கு, இயற்பியல், வேதியியல், உயிரியல் குரூப். ஜூனில் அலைடு பாரம் கொடுத்தபோதே கணக்கில் டிக் அடித்திருந்தாள். கணினி அறிவியல் துறைக்கும் முதல் வருட அலைடு கணக்குதான் என்று அவள் அண்ணன் விசாரித்துச் சொல்லியிருக்கிறார். ஆகஸ்ட் முதல் வாரத்தில் அவள் அந்த வகுப்பில் போய் உட்கார்ந்தபோது தமிழும் அதுவே, ஆங்கிலமும் அதுவே, அலைடும் அதுவே. விட்டுப்போன ஏழு வார மேஜர் பாடத்தை மட்டும் நோட்டு வாங்கி எழுதினாள். அதே வாரம் இன்னொரு துறையிலிருந்து விலங்கியல் அலைடோடு மாறிப் போன பெண், முதல் இன்டர்னல் தேர்வுக்குள் இரண்டு பாடத்தை விரட்டிப் பிடிக்க வேண்டியிருந்தது. மாறும் எண்ணம் இருந்தால் முதல் வருடத்தில் பார்க்க வேண்டியது இதைத்தான். இருக்கிற இடத்துக்கும் போக நினைக்கிற இடத்துக்கும் பொதுவான பாடம் எது? தேர்வு நம் கையில் இருக்கிறபோது அந்தப் பொதுப்பாடத்தையே எடுப்பது. சுலபமான பாடம், மார்க் வருகிற பாடம், தோழி எடுக்கிற பாடம் எல்லாம் அதற்கு அப்புறம்.

எனக்கு அந்தக் கதவு மூடிவிட்டது. இன்னொன்று இருக்கிறது என்று சொன்னவர் என்.எம்.இ. வகுப்புக்கு வந்த மேடம். இரண்டு கிரெடிட் பாடம், பட்டத்தின் கிளாஸ் கணக்கில்கூடச் சேராது. பாதிப் பேர் பின் பெஞ்சில் தூங்குவார்கள். நான் மட்டும் முதல் பெஞ்சில் உட்கார்ந்து கேள்வி கேட்டுக்கொண்டே இருந்தேன் போல. ஒரு நாள் வகுப்பு முடிந்ததும் நிறுத்திக் கேட்டார். மாறப் பார்த்த கதையைச் சொன்னேன்.

“இங்க முடியாதுன்னா விடு. டிகிரி முடிச்சிட்டு எம்.சி.ஏ. போ, அதுவும் கம்ப்யூட்டர்தான். எந்த டிகிரியா இருந்தாலும் பரவாயில்ல. பிளஸ் டூலயோ டிகிரிலயோ கணக்கு படிச்சிருக்கணும். உன் அலைடு என்ன?”

“சுவாலஜி, மேம்.”

அவர் ஒன்றும் சொல்லவில்லை. மறு வகுப்புக்கு எம்.சி.ஏ. சேர்வதற்கான டான்செட் நுழைவுத் தேர்வின் அந்த வருடத் தகவல் ஏட்டை அச்செடுத்து வந்து, ஒரு வரியைப் பென்சிலால் கோடிட்டுக் கொடுத்தார். பன்னிரண்டாம் வகுப்பு அளவில் அல்லது பட்டப்படிப்பு அளவில் கணிதம். அந்த ‘அல்லது’தான் எனக்கு மிச்சம் இருந்த ஒரே வழி. விலங்கியலிலேயே இருந்தால் அதுவும் போகும்.

துறைத் தலைவரான ஹெச்.ஓ.டி.யைப் பார்க்கப் போனேன். அலைடு வகுப்பு தொடங்கி ஐந்து வாரம் ஆகியிருந்தது. பிளஸ் டூவில் கணக்கு இல்லாதவர்களை விலங்கியலுக்கு அனுப்பிவிடுவதுதான் துறையின் வழக்கம். அதை மீறிக் கேட்கிறாள் ஒரு பெண். அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“வீட்ல தெரியுமா? கணக்கு மாஸ்டர் உனக்காக ஆனா ஆவன்னாவிலிருந்து ஆரம்பிக்க மாட்டார். அரியர் வெச்சிட்டு என் ரூம் வாசல்ல வந்து அழக்கூடாது.”

அப்பா கையெழுத்தோடு கடிதம் கேட்டார். அப்பா அந்தக் கடிதத்தை இரண்டு முறை படித்துவிட்டு, “கெமிஸ்ட்ரி படிக்கிற பிள்ளைக்கு கணக்கு எதுக்கு?” என்றார். எம்.சி.ஏ. என்று சொன்னேன். அவருக்கு அது புரிந்ததா தெரியாது. மாமாதான், “போடுங்க மச்சான், பிள்ளை வெவரமாத்தான் கேக்குது” என்றார். அப்பா கையெழுத்துப் போட்டார்.

அதற்கப்புறம் நடந்தது பெருமைப்படும்படி இல்லை. பத்தாம் வகுப்போடு விட்ட கணக்கை எடுத்துக்கொண்டு போய் அலைடு வகுப்பில் உட்கார்ந்தால், ஐகன் மதிப்பு, கெய்லி–ஹாமில்டன் தேற்றம், வளைவு ஆரம் என்று ஓடிக்கொண்டிருக்கிறது. வகையிடல் என்ற சொல்லையே அப்போதுதான் கேட்கிறேன். சென்ட்ரலுக்குப் பக்கத்தில் மூர் மார்க்கெட் பழைய புத்தகக் கடைகளில் பிளஸ் ஒன், பிளஸ் டூ கணக்குப் புத்தகங்களை வாங்கினேன். யாரோ ஒரு பையன் ஓரத்தில் எல்லா விடையும் எழுதி வைத்திருந்தான், பாதி தப்பு. பேருந்தில் நின்றுகொண்டே வகையிடல் சூத்திரங்களை மனப்பாடம் செய்தேன். மனப்பாடம் செய்தேன் என்பதுதான் தப்பு. எதற்கு அந்தச் சூத்திரம் என்று கேட்க ஆளில்லை.

நவம்பர் தேர்வு முடிவு ஜனவரியில் வந்தது. இன்டர்னல் இருபத்தைந்துக்கு 17. எழுத்துத் தேர்வு எழுபத்தைந்துக்கு 27. கூட்டினால் 44. பாஸ் மார்க் 40. ஆனால் எழுத்துத் தேர்வில் தனியாக 30 வாங்க வேண்டும். மூன்று மார்க்கில் அரியர். விலங்கியலில் இருந்த தோழிகள் எல்லாரும் அறுபதுக்கு மேல். அன்றைக்கு 29சி-யில் ஜன்னலோர இடம் கிடைத்தும் வெளியே ஒன்றையும் பார்க்கவில்லை. ஹெச்.ஓ.டி. அறைப் பக்கமே ஒரு மாதம் போகவில்லை, சொன்ன சொல்லைக் காப்பாற்றினேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

என்னைக் கரையேற்றியது கணினி அறிவியலுக்கு மாறிப் போனாளே, அந்தத் தோழிதான். அவளுக்கும் அதே அலைடு, அதே தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்குப் போவோம். சொந்தப் புத்தகம் கொண்டுபோய்ப் படிக்கிற பகுதியில் இடம் பிடிக்கச் சீக்கிரமே போய்விட வேண்டும். அவள் சூத்திரத்தை மூடிவைத்துவிட்டு முதலில் படம் வரையச் சொல்வாள். தொகையிடல் என்பது கோட்டுக்குக் கீழே இருக்கிற பரப்பு என்று அவள் வரைந்து காட்டின அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. ஏப்ரலில் அரியரையும் சேர்த்து எழுதினேன். ஃபூரியர் தொடரும் லாப்லாஸ் உருமாற்றமும் இரண்டாம் தாளில் வந்தன. முதல் தாளில் 38, இரண்டாவதில் 41. எழுபத்தைந்துக்குத்தான். இன்று வரை நான் வாங்கிய மார்க்குகளில் எனக்குப் பிடித்தவை இந்த இரண்டும்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கணக்கில் நான் மூழ்கியிருந்த அந்த ஒரு வருடம் வேதியியல் மேஜரில் என் மார்க் சரிந்தது. மாறப் போகிறோமே, இதை எதற்குப் படிக்க வேண்டும் என்ற அலட்சியமும் இருந்தது. மேடம் ஒரு நாள் டான்செட் ஏட்டின் அடுத்த வரியைக் காட்டினார். பட்டப்படிப்பில் ஐம்பது சதவீதம் வேண்டும், இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு நாற்பத்தைந்து. “நீ வெறுக்கிற டிகிரிதான் உன்னை அங்க கொண்டுபோய் விடணும்” என்றார். வெறுக்கவெல்லாம் இல்லை, கரிம வேதியியல் எனக்குப் பிடித்தே இருந்தது. ஆனால் விட்டுப் போகும் இடத்தில் நன்றாகப் படித்தால்தான் சேரும் இடத்தில் உள்ளே விடுவார்கள் என்பது என் மண்டையில் அப்போதுதான் ஏறியது. உள்ளேயே மாறுகிறவர்களுக்கும் இதேதான். ஒரு காலி இடத்துக்கு நான்கு பேர் கேட்டால் மார்க்கைத்தான் பார்ப்பார்கள்.

இரண்டாம் வருடம், மூன்றாம் வருடம் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் செமஸ்டர் தேர்வு தள்ளிப்போனது. முடிச்சூரில் இருந்த வகுப்புத்தோழி வீட்டில் தண்ணீர் புகுந்து சான்றிதழ் எல்லாம் கூழாகிவிட்டது. அரசு சிறப்பு முகாம் போட்டு நகல் சான்றிதழ் கொடுத்தது. அதற்காக அவள் வரிசையில் நின்றாள். அதைப் பார்த்த பிறகு என் மார்க் ஷீட் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து வைத்தேன். கூடவே, முதல் வருட அலைடு கணக்குப் பாடத்திட்டத்தின் பக்கங்களையும். இது மேடம் சொன்ன யோசனை. “பாடத்தோட பேரை வெச்சு யாரும் முடிவு பண்ண மாட்டாங்க. உள்ள என்ன இருந்துச்சுன்னு கேப்பாங்க. உன் வருஷத்துப் பாடத்திட்டம் அப்புறம் கிடைக்காது.” எந்தக் கல்லூரியிலிருந்து எந்தக் கல்லூரிக்கு மாறுவதாக இருந்தாலும் இதைச் செய்துவிடுங்கள், ஐந்து நிமிட வேலை.

2016-ல் டான்செட் எழுதினேன். கலந்தாய்வு கோயம்புத்தூர் அரசு தொழில்நுட்பக் கல்லூரியில். அப்பாவும் நானும் சேரன் எக்ஸ்பிரஸில் ராத்திரி கிளம்பினோம். அப்பா படுக்கவே இல்லை, சான்றிதழ் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தே வந்தார். அங்கே சரிபார்ப்பில் உட்கார்ந்திருந்தவர் பிளஸ் டூ மார்க் ஷீட்டை மேலிருந்து கீழே விரலால் தடவிக்கொண்டு வந்தார். தமிழ், ஆங்கிலம், இயற்பியல், வேதியியல், தாவரவியல், விலங்கியல். விரல் நின்றது. நிமிர்ந்து பார்த்தார்.

“மேத்ஸ்?”

டிகிரி மார்க் ஷீட்டை எடுத்து நீட்டினேன். முதல் செமஸ்டர், இரண்டாம் செமஸ்டர். அலைடு மேத்தமேடிக்ஸ் ஒன்று, இரண்டு. அவர் பார்த்தார், பக்கத்தில் இருந்தவரிடம் காட்டினார், ஒரு டிக் அடித்து அடுத்த மேஜைக்கு அனுப்பினார். மொத்தம் அரை நிமிடம் இருக்கும். கல்லூரி அலுவலகத்தில் என்னை அனுப்பிவைக்கவும் அதே அரை நிமிடம்தான் ஆனது. பாடத்திட்ட நகலை யாரும் கேட்கவில்லை. அரியர் பற்றியும் கேட்கவில்லை, தேறிய மார்க் மட்டும் போதும்.

எம்.சி.ஏ. அப்போது மூன்று வருடம். முதல் வருடம் என்னைப் போல வெளியிலிருந்து வந்தவர்கள்தான். பி.சி.ஏ., கணினி அறிவியல் படித்தவர்கள் நேராக இரண்டாம் வருடத்தில் வந்து சேர்ந்தார்கள். பாடம் மாறியதற்கு நான் கட்டிய விலை அந்த ஒரு வருடம். அதிகமில்லை என்றுதான் இன்றும் நினைக்கிறேன். இப்போது சோழிங்கநல்லூரில் வேலை. மருந்துக்கடை மென்பொருள் எழுதுகிறேன் என்று சொன்னால் கதை அழகாக முடியும், ஆனால் நான் பார்ப்பது இன்சூரன்ஸ்.

கணக்கு எடுக்காதவர்கள் எல்லாரும் கெட்டுப்போனார்கள் என்று எண்ண வேண்டாம். என் பக்கத்து பெஞ்சுக்காரி விலங்கியலோடு முடித்து, எம்.எஸ்சி. வேதியியல், பி.எட். படித்து, பள்ளியில் பாடம் நடத்துகிறாள். மாறும் எண்ணமே அவளுக்கு இல்லை, அதனால் அவள் டிக் சரியான டிக். தப்பாகிப் போனது என் அத்தை மகனுக்கு. அவன் பி.எஸ்சி. இயற்பியல், பிறகு எம்.எஸ்சி. கணிதம். படிப்பு என்ற அளவில் எந்தத் தடையும் வரவில்லை, நல்ல மார்க்கும் வாங்கினான். முதுகலை ஆசிரியர் பணிக்கு ஆசிரியர் தேர்வு வாரியத்தில் விண்ணப்பிக்கும்போதுதான் தெரிந்தது, இளநிலையும் முதுநிலையும் ஒரே பாடமாக இருக்க வேண்டும் என்று. ‘கிராஸ் மேஜர்’ என்ற பெயரே அவனுக்கு அன்றைக்குத்தான் தெரியும். மேல்படிப்புக்குள் விடும் விதி வேறு, அதை வைத்து வேலைக்குள் விடும் விதி வேறு. மாறுகிறவர்கள் இரண்டையும் பார்க்க வேண்டும். இரண்டாவதை யாருமே பார்ப்பதில்லை.

பிளஸ் டூவில் கணக்கு படித்து பி.எஸ்சி. சேர்ந்தவர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. பட்டம் முடித்ததும் பி.இ. இரண்டாம் வருடத்தில் நேரடியாகச் சேரலாம். டிப்ளமோ முடித்தவர்களுக்கு மட்டும்தான் அது என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். பி.எஸ்சி.யிலிருந்து போகிறவர்கள் முதல் வருடப் பாடங்களான பொறியியல் வரைபடத்தையும் பொறியியல் இயந்திரவியலையும் இரண்டாம் வருடப் பாடங்களோடு சேர்த்து எழுத வேண்டியிருக்கும். எனக்குத் தெரிந்த பையன் ஒருவன் இதைத் தெரியாமல் போய், வரைபலகையைத் தூக்கிக்கொண்டு முதலாம் ஆண்டுப் பிள்ளைகளோடு உட்கார்ந்திருந்தான்.

அக்கா மகளுக்கு இதில் பாதியைத்தான் சொன்னேன். இப்போது நிறைய மாறியிருக்கிறது. எம்.சி.ஏ. 2020-லிருந்து இரண்டே வருடம். கணினி படிக்காமல் வருகிறவர்கள் இணைப்புப் பாடங்களைக் கூடுதலாக எழுத வேண்டும். ஒரே நேரத்தில் இரண்டு பட்டங்கள் படிக்க 2022-ல் பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி. அனுமதி கொடுத்துவிட்டது. ஐ.ஐ.டி. மெட்ராஸின் இணையவழி டேட்டா சயின்ஸ் பட்டத்துக்குப் பிளஸ் டூவில் கணக்கு வேண்டியதில்லை, பத்தாம் வகுப்பில் கணக்கும் ஆங்கிலமும் படித்திருந்தால் போதும். எட்டுப் பாடங்கள் கொண்ட முதல் கட்டத்தை முடித்துப் பார்த்துவிட்டு, மேலே போவதா வேண்டாமா என்று முடிவு செய்யலாம். என் காலத்தில் இது இருந்திருந்தால் ஹெச்.ஓ.டி. அறை வாசலில் நின்றிருக்கவே மாட்டேன். அகாடமிக் பேங்க் ஆஃப் கிரெடிட்ஸ் என்று ஒன்றும் 2021-ல் வந்திருக்கிறது. படித்த கிரெடிட் எல்லாம் நம் பெயரில் ஒரு கணக்கில் சேரும், ஏழு வருடம் வரை இருக்கும். அதைப் பார்த்துவிட்டு, “இனி எங்க வேணா மாறிக்கலாம்” என்று பெற்றோர் சிலர் பேசுவதைக் கேட்கிறேன். கணக்கில் கிரெடிட் இருப்பது ஒன்று, சேரப் போகிற இடம் அதைத் தன் பாடத்துக்கு ஈடாக ஏற்றுக்கொள்வது இன்னொன்று. இரண்டாவதைப் போகிற இடத்தில் கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். வாய்வார்த்தையாக “ஆகும்மா, ஆகும்” என்று சொன்னவர் அடுத்த ஜூனில் அந்த நாற்காலியில் இருக்க மாட்டார்.

பாரத்தில் இப்போது அலைடு என்ற சொல்லே இல்லையாம், எலெக்டிவ் என்று போட்டிருக்கிறதாம். வகுப்பில் எல்லாரும் இன்னும் அலைடு என்றுதான் சொல்கிறார்கள் என்றாள்.

நான் மூச்சுவிடாமல் சொல்லி முடித்து, “அதனால கணக்கு எடுத்துடு, கண்ணு. கஷ்டமா இருந்தா நான் சொல்லித் தரேன்” என்றேன். கெய்லி–ஹாமில்டன் எனக்கே மறந்துபோயிருந்தது, அது வேறு விஷயம்.

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை.

“சித்தி, நான் கம்ப்யூட்டருக்குப் போறேன்னு யார் சொன்னா?”

“போகலையா?”

“எம்.எஸ்சி. பயோகெமிஸ்ட்ரி போகணும். போன வருஷத்து அட்மிஷன் நோட்டீஸ் பாத்தேன். கெமிஸ்ட்ரி மேஜர்னா விலங்கியலோ தாவரவியலோ அலைடா இருக்கணும்னு போட்டிருந்துச்சு. அதான் விலங்கியல்னு நெனச்சேன். அம்மாதான், சித்திகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கோன்னாங்க.”

“நோட்டீஸை எடுத்து வெச்சிருக்கியா?”

“ஸ்கிரீன்ஷாட் இருக்கு.”

“பிரின்ட் எடுத்து வெச்சுக்கோ” என்றேன். அரைக் கிலோ புளி வாங்கி வரச் சொன்னாள் அக்கா, அதையும் சொல்லிவிட்டுப் போனை வைத்தாள்.